சுவர்ப்பக்கத் தோள்

என் தங்கையின் கணவருக்கு வேலை செய்யும் இடத்தில் பீரோ என்று பெயர். ஆள் உயரம்தான், ஆனால் அகலம் கிடையாது. உருவத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை அது. ஒரு வீட்டில் இரும்பு பீரோவை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் வந்ததும், அதை எந்த அறையில் வைப்பது என்று வீட்டுக்காரருக்கும் அவர் மனைவிக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. மேலே பிடித்திருந்த நான் என் பக்கத்தைப் படியில் ஊன்றி வைத்துவிட்டு என் யோசனையையும் சொன்னேன். கேட்காமலே யோசனை சொல்வதில் எனக்கு ஈடு நான்தான். ஒருவழியாக ஜன்னல் ஓரம் என்று முடிவாகித் திரும்பிப் பார்த்தால், கீழே மாப்பிள்ளை அசையாமல் நிற்கிறார். மொத்தப் பாரமும் அவர் தோளில்.

"ஏன் மாப்பிள்ளை, ஒரு குரல் குடுக்கக்கூடாதா?" என்றேன்.

"நீங்க பேசிட்டிருந்தீங்க, மச்சான்," என்றார்.

அன்று கூட இருந்த லாரி டிரைவர் இதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பீரோ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை அதை மறுக்கவும் இல்லை, ரசிக்கவும் இல்லை. யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது எங்கள் தொழில். இதில் ஆள் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்ய வேண்டும். படியேறும்போது ஒருவர் மேல்கை, ஒருவர் கீழ்கை. மேல்கை பின்பக்கமாக ஏறிக்கொண்டே வழி சொல்வார். கீழ்கை தோள் கொடுத்துத் தாங்குவார். உயரமான ஆள் கீழே நின்றால்தான் சாமான் சாயாமல் மட்டமாக வரும். அதனால் மாப்பிள்ளை கீழ்கை, நான் மேல்கை. உயரத்தில் நான் அவர் காதுக்கு வருவேன். வாயில் அவர் என் கால்தூசிக்கு வரமாட்டார். ஆகவே வழி சொல்கிற வேலையும் சரியான ஆளிடம்தான் இருந்தது.

இடது, வலது என்று நாங்கள் சொல்வதே இல்லை. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக நிற்கிறோம்; என் இடது அவருக்கு வலது. ஒருவர் இடது என்று கத்தினால் ஒரு விரல் நசுங்கும். எங்களுக்குச் சுவர்ப்பக்கம், கைப்பிடிப்பக்கம்தான். இன்னொரு வழக்கமும் உண்டு. தரையில் நிற்கும்போது நாங்கள் வாங்க போங்க மாப்பிள்ளை மச்சான்தான். சாமான் கையில் ஏறிவிட்டால் மரியாதை இறங்கிவிடும். தூக்கு, திருப்பு, இழு, டேய் விடாதே. சாமானை வைத்து மூச்சு விட்டதும், "தண்ணி குடிக்கறீங்களா மச்சான்?" என்று மறுபடி மரியாதை வந்துவிடும். வீட்டுக்காரர்கள் சிலர் இதைப் பார்த்து எங்களுக்குள் ஏதோ பகை என்று நினைத்ததுண்டு.

கீழ்கைக்காரனுக்குக் காயம் படும் இடம் எப்போதும் ஒன்றுதான். படிக்கட்டுகளில் கைப்பிடிக்கு இடம் விட்டுச் சுவரை ஒட்டித்தான் ஏறுவோம். எங்கள் ஊர்ப் படிக்கட்டுகள் பெரும்பாலும் ஒரே பக்கமாகத் திரும்புகிறவை. ஆகவே மாப்பிள்ளையின் வலது தோள்தான் எல்லா வீட்டு அலமாரிகளுக்கும் அடிப்பலகை. சாயங்காலம் சட்டையைக் கழற்றினால் அங்கே கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிருக்கும். அது பச்சையாகி மஞ்சளாவதற்குள் அடுத்த வீடு வந்துவிடும்.

இதற்காகத்தான் என் தங்கை களிம்பு காய்ச்ச ஆரம்பித்தாள்.

பின்பக்கப் படிகளில் பழைய பெயிண்ட் வாளிகளை வரிசையாக வைத்துச் சாமந்தி வளர்க்கிறாள். பூ மலர்ந்ததும் இதழ்களைப் பிய்த்துச் செய்தித்தாளில் பரப்பி நிழலில் காயவைப்பாள். காய்ந்ததைப் பாட்டிலில் திணித்து எண்ணெய் ஊற்றி, வெயில் படும் ஜன்னலில் வைத்துவிடுவாள். வாரக்கணக்கில் அது அங்கேயே இருக்கும். எண்ணெய் பழுத்த மஞ்சளாக மாறியதும் துணியில் போட்டுப் பிழிந்து, தேன்மெழுகைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் உருக்கி அதோடு கலப்பாள். ஒரு சொட்டைக் குளிர்ந்த ஸ்பூனில் விட்டு விரலால் தொட்டுப் பார்ப்பாள். கெட்டியாக இருந்தால் கொஞ்சம் எண்ணெய் சேர்ப்பாள், தளர்வாக இருந்தால் மெழுகு. பிறகு கழுவி வைத்த காலி டப்பாக்களில் ஊற்றுவாள். ஷூ பாலிஷ் டப்பா, மிட்டாய் டப்பா, எது கிடைத்தாலும் சரி.

அந்தக் களிம்பு வலியைப் போக்குமா என்று கேட்டால் நான் சத்தியம் செய்ய மாட்டேன். தேய்த்ததும் சூடு பரவும், தசை இளகும், மணம் நன்றாக இருக்கும். காலையில் எழுந்தால் கை மேலே போகும். வேலைக்குப் போகிறவனுக்கு அது போதும். கெட்ட பழக்கம் ஒன்று உண்டு அதற்கு: பட்ட இடத்தில் மஞ்சள் கறை வைத்துவிடும். எங்கள் பனியன் எதுவும் வெள்ளையாக இருந்ததில்லை.

மாப்பிள்ளைக்கு ஒரே மகள். பேசக் கற்றுக்கொண்ட காலத்திலேயே அப்பாவுக்குக் களிம்பு தேய்ப்பது தன் வேலை என்று எடுத்துக்கொண்டாள். அப்பா வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும் ஒரு ஸ்டூலை இழுத்து வருவாள். அதன்மேல் ஏறி நின்று டப்பாவைத் திறப்பாள். அந்த வயதில் அவளுக்குக் கை என்று இருந்தது ஒரு பிடி. தேய்ப்பதைவிட அப்புவதுதான் அதிகம். தேய்த்துக்கொண்டே, "வலிக்குதாப்பா?" என்று கேட்பாள். "இல்லம்மா, போயிடுச்சு," என்பார் மாப்பிள்ளை.

ஒருநாள் நாங்கள் கருங்கல் பலகை போட்ட சமையல் மேசை ஒன்றை ஏற்றிவிட்டு வந்திருந்தோம். மாப்பிள்ளை சட்டையைக் கழற்றினார். வலது தோளில் தோல் இருந்த இடமே தெரியவில்லை, அவ்வளவு கறுப்பு. ஸ்டூலில் நின்ற குழந்தை அதைப் பார்த்தது. டப்பாவைக் கீழே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தது. சாப்பிடாமல் அழுதது, மடியில் படுத்து அழுதது, தூங்கிய பிறகும் விசும்பியது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கோமாளித்தனம் என்னவெல்லாமோ செய்து பார்த்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தை அன்று பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு.

அடுத்த நாளிலிருந்து அவர் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டார். வலது தோள் சுவரில் அழுந்தி இருக்கும். பனியனும் அந்தப் பக்கம் இறங்காது. பிள்ளையின் கைக்குக் கிடைப்பது இடது தோள் மட்டும். இடது தோளில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அவளும் ஒழுங்காக அதைத் தேய்த்துவிட்டு, "வலிக்குதாப்பா?" என்பாள். "போயிடுச்சும்மா." அவள் போன பிறகு குளியலறைக்குப் போய்த் தன் கையாலேயே வலது தோளில் தேய்த்துக்கொண்டு வருவார். வந்து மறுபடி அதே நாற்காலியில் உட்காருவார். என் தங்கைக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் வாயைத் திறக்காத ஒரே விஷயம் அநேகமாக அதுதான்.

ஆனால் சுவர் சும்மா இருக்கவில்லை. நாற்காலி இருந்த இடத்தில், தோள் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் கறை விழுந்தது. சுண்ணாம்பு அடித்தால் சில மாதங்கள் மறைந்திருக்கும், பிறகு எட்டிப் பார்க்கும். "சுவருக்கும் தசைப்பிடிப்பு போல இருக்கு, நல்லா தேயிங்க," என்று நான் கிண்டல் செய்வேன். மாப்பிள்ளை என்னை முறைப்பார்.

இப்படியே அந்தப் பெண் வளர்ந்தாள். ஸ்டூல் தேவைப்படாமல் போனது. படிப்பு முடிந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போதும் சாயங்காலம் களிம்பு தேய்ப்பதை மட்டும் விடவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் அதிகம் பேச்சு கிடையாது. அவள் என் வழி இல்லை, அப்பா வழி. தேய்க்கிற நேரம்தான் அவர்களுடைய பேச்சு நேரம். யார் வந்து கண்ணாடி உடைந்துவிட்டது என்று பொய் சொன்னார்கள், எந்த வீட்டுச் சோபாவுக்குள் என்ன கிடைத்தது, இந்த மாதிரி.

சென்ற வருடம் கடைக்காரர் நகரத்தின் அந்தக் கோடியில் இன்னொரு கிளை திறந்தார். அதைப் பார்த்துக்கொள்ள என் மருமகளைத் தேர்ந்தெடுத்தார். தினமும் போய் வரமுடியாத தூரம். கூட வேலை செய்யும் பெண்ணோடு சேர்ந்து அங்கேயே வீடு பார்த்தாள். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை.

மாப்பிள்ளைக்கு மகள் போகிறாளே என்ற வருத்தத்தைவிட, சாமான் ஏற்ற வேண்டும் என்ற உற்சாகம்தான் முதலில் வந்தது. யார் யார் வீட்டுச் சாமானையோ வாழ்நாள் முழுக்கத் தூக்கியவர். சொந்த மகளுக்குத் தூக்குவதென்றால் கேட்கவா வேண்டும்? சாமான் தூக்கப் போடும் தோல் வார்களை எடுத்து எண்ணெய் போட்டார். சாமானைச் சுற்றும் போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டார். முக்கியமான சாமான் ஒரு மர அலமாரி. கண்ணாடி வைத்த கதவு, கீழே இரண்டு இழுப்பறை. ஒரு வீட்டில் புது வாசலுக்குள் நுழையமாட்டேன் என்று அடம்பிடித்ததால், வீட்டுக்காரர் இவரிடமே கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தப் பெண்ணின் உலகம் அதற்குள்தான். முழுக்க முழுக்க மரத்தில் செய்தது, பாரம் என்றால் அப்படியொரு பாரம்.

ஒரு சாயங்காலம் தோளைத் தேய்த்துக்கொண்டே அவள் சொன்னாள்: "அப்பா, சாமான் ஏத்தறதுக்கு வேற கம்பெனில சொல்லிட்டேன்."

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ மூக்கில் ஏறிவிட்டது.

"வேற கம்பெனியா?" என்றார் மாப்பிள்ளை.

"ஆமாப்பா. நீங்க தூக்க வேணாம். சும்மா கூட வாங்க."

"ஏம்மா?"

"வேணாம்னா வேணாம்ப்பா."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அவரும் கேட்கவில்லை. பேசாத இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் என்னைப் போன்றவன் பாடு திண்டாட்டம்தான்.

மாப்பிள்ளைக்கு அது எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும். சில மாதங்களாகப் படித் திருப்பங்களில் அவர் சாமானை இறக்கிவைத்து நின்றார். முன்பெல்லாம் அப்படி நிற்கமாட்டார். "வார் நழுவுது, மச்சான்," என்பார். வாரில் ஒரு குறையும் இருக்காது. வலது கையைத் தூக்கித் தலை வாருவதை விட்டு இடது கைக்கு மாறியிருந்தார். வேலை இடத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்த மனிதர், வீட்டிலேயே மகள் கவனித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். அப்பா முடியாத ஆளாகிவிட்டார், அதனால் வேறு ஆள் பிடித்துவிட்டாள். அதுதான் அவர் மனதில் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் களிம்பு வேண்டாம் என்றார். "இன்னிக்கு வலி இல்ல." அதற்கு அடுத்த நாளும் இல்லை. அவள் டப்பாவோடு வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள். நாற்காலி சுவரோரம் காலியாகக் கிடந்தது. அந்த வீட்டில் ஒருவரும் யாரையும் திட்டவில்லை. ஆனாலும் உள்ளே போனால் எனக்கு மூச்சு முட்டியது.

"நீயாவது ஏதாவது சொல்லேன்," என்றேன் தங்கையிடம்.

"ஞாயித்துக்கிழமை களிம்பு ஊத்தறேன், எல்லாரும் வாங்க," என்றாள் அவள்.

களிம்பு ஊற்றும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மெழுகு உருகிவிட்டால் நிறுத்த முடியாது; ஊற்றி முடிக்கும்வரை மேசையை யாரும் ஆட்டக்கூடாது, எழுந்து போகக்கூடாது. மாப்பிள்ளை துணியைச் சுற்றி டப்பாவைப் பிடிப்பார், தங்கை ஊற்றுவாள், மகள் நகர்த்தி வைப்பாள், நான் மூடி எடுத்துக் கொடுப்பேன். கோபித்துக்கொண்டு எழுந்து போக நினைக்கிறவருக்கும் கையில் சூடான டப்பா இருக்கும். என் தங்கை லேசுப்பட்டவள் இல்லை.

முதல் டப்பாவை ஊற்றும்போதே ஆரம்பித்தாள். "உங்க அப்பா ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கார், கேளு."

"நான் ஒண்ணும் தூக்கி வைக்கல," என்றார் மாப்பிள்ளை. "தூக்கறதுக்குத்தான் வேற ஆள் இருக்கே."

பத்து வார்த்தைக்குமேல் சேர்ந்தாற்போலப் பேசாதவர், கிண்டல் வேறு செய்கிறார் என்றால் எவ்வளவு வலித்திருக்க வேண்டும். மகள் டப்பாவை நகர்த்தி வைத்தாள். முகம் சிவந்திருந்தது.

"உங்களால முடியாதுன்னு நான் சொல்லலப்பா."

"சொல்லலதான். அதான் கேக்கறேன். அந்த அலமாரியை வேற எவனோ தொடறதா? கைப்பிடில இடிச்சிட்டா? கண்ணாடி போயிட்டா?"

"போனா போகட்டும்."

"டப்பாவை நேரா பிடிங்க," என்றாள் தங்கை. "சாயுது."

நேராகப் பிடித்தார்.  சாமந்தி மணம் அறை முழுக்க நிறைந்திருந்தது. அந்த மணத்தில் உட்கார்ந்துகொண்டு சண்டை போடுவது கஷ்டம்.

"என் மகளுக்கு நான் தூக்கணும்," என்றார் மாப்பிள்ளை, டப்பாவைப் பார்த்துக்கொண்டே. "அவ்வளவுதான். அதுக்கப்புறம் வேணும்னா என்னை லாரில உக்காரவச்சு டயருக்குக் காவல் போடுங்க."

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, என் போதாத காலம், என்னைப் பார்த்தாள்.

"சரிப்பா. நீங்களே தூக்குங்க. ஆனா நீங்க மேல்கை. மாமா கீழ்கை."

என் கையிலிருந்த மூடி மேசைக்கடியில் உருண்டுவிட்டது.

"நான் உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்?" என்றேன்.

"உயரமான ஆள்தான் கீழ நிக்கணும்," என்றார் மாப்பிள்ளை. "மச்சான் கீழ நின்னா சாமான் சாயும்."

"சாயட்டும். என் அலமாரிதானே. அப்படின்னா தூக்குங்க, இல்லைன்னா அந்தக் கம்பெனி ஆளுங்க வரட்டும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். வாய்விட்டுக் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருப்பேன். அவர்தான் கேட்கிற ஆளே இல்லையே. சும்மா பார்த்தார்.

"கீழ்கைதானே," என்றேன். "பிடிச்சா போச்சு."

அந்த வாய்ச்சவடாலுக்குச் சரியான கூலி கிடைத்தது எனக்கு.

அந்த நாள் வந்தது. எங்கள் கம்பெனி முதலாளியம்மா லாரியைச் சும்மாவே கொடுத்தார். பெட்டிகளும் பாய்களும் பாத்திரங்களும் புது வீட்டு மாடிக்கு ஏறிவிட்டன. கடைசியில் அலமாரி. போர்வை சுற்றி வார் போட்டு, மாப்பிள்ளை மேல்படியில் நின்றார், நான் கீழே. "தூக்கலாமா?" என்றார். தூக்கினோம்.

முதல் மாடிவரை நான் பேசிக்கொண்டுதான் வந்தேன். இரண்டாவது மாடி ஆரம்பித்ததும் பேச்சு குறைந்தது. பாதியில் நின்றே போனது. அலமாரியின் அடிவிளிம்பு என் வலது தோளில் எலும்புக்கும் கழுத்துக்கும் நடுவில் ஓரிடம் கண்டுபிடித்து, அங்கேயே குடியேறிவிட்டது. ஒவ்வொரு படிக்கும் அது கொஞ்சம் ஆழமாக இறங்கியது. கண்ணில் வியர்வை, துடைக்கக் கை இல்லை. முன்னால் தெரிவதெல்லாம் போர்வை சுற்றிய பலகை மட்டும். இத்தனை காலம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த காட்சி இதுதானா என்று இருந்தது எனக்கு.

மேலே அவர் வழி சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வழி சொல்லி நான் அன்றுதான் கேட்டேன். "சுவர்ப்பக்கம் கொஞ்சம் வாங்க, மச்சான். மெதுவா. ஒரு படி வைங்க. போதும், நில்லுங்க." சாமான் கையில் இருக்கும்போது எங்களுக்குள் மரியாதை கிடையாது என்று சொன்னேன் அல்லவா? அவர் ஒரு படிக்குக்கூட மரியாதையை விடவில்லை. கீழே இருப்பவனுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்த மனிதரால் அப்படித்தான் பேச முடியும். 

திருப்பத்தில் அடுத்த படிக்கு எனக்குக் கால் எழவில்லை. "இறக்கிடுவோமா?" என்றேன். வெட்கமாக இருந்தது.

"இறக்குங்க மச்சான். வார் நழுவுது பாருங்க," என்றார்.

வாரில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது மாடிக்கு ஒரு கீறல் இல்லாமல் போய்ச்சேர்ந்தோம். இப்போதெல்லாம் வேலையிலும் மாடிக்கு மாடி கை மாற்றிக்கொள்கிறோம். நான் கீழே போகும்போது சாமான் கொஞ்சம் சாய்கிறது. உலகம் ஒன்றும் முழுகிவிடவில்லை.

அலமாரி தன் இடத்தில் நின்றது. அறையில் வேறு எதுவும் இன்னும் வைக்கவில்லை. புதிதாகப் பெயிண்ட் அடித்த நான்கு சுவர், கட்டப்பட்ட பெட்டிகள், ஒரு நாற்காலி. தங்கை அடுப்படியில் டீ போட்டாள். நான் பெட்டி மேல் விழுந்து கிடந்தேன். தோளைத் தொட்டுப் பார்த்தேன், தொடாமலே இருந்திருக்கலாம். மாப்பிள்ளை அலமாரிக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு. மகளுக்குத் தூக்கிவிட்டார்.

மருமகள் கைப்பையிலிருந்து களிம்பு டப்பாவை எடுத்தாள். "உக்காருங்கப்பா. ரொம்ப நாளாச்சு."

பல நாள் கழித்துக் கேட்கிறாள், அவரும் மறுக்கவில்லை. சட்டையைக் கழற்றிக்கொண்டே, பழக்கதோஷம், நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டார்.

அவள் நாற்காலியைப் பிடித்தாள். அதைத் தூக்கி வந்து அறையின் நடுவில் வைத்தாள்.

"அங்க வேணாம்ப்பா. புதுச் சுவர். கறை பிடிச்சிடும்."

"என்ன கறை?" என்றார் மாப்பிள்ளை.

"நம்ம வீட்டுச் சுவர்ல இருக்கே, அந்தக் கறை. சின்ன வயசுல நான் அழுத நாளுக்கப்புறம் அந்தச் சுவர்ப்பக்கத் தோள்ல ஒருநாள்கூடத் தேச்சதில்லையேப்பா. அப்புறம் சுவர்ல எப்படி வந்துச்சு?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. நான் எழுந்து உட்கார்ந்தேன்.  மாப்பிள்ளை நாற்காலியைப் பார்த்தபடி நின்றார். நான்கு பக்கமும் வெறும் இடம். ஒட்டி உட்காரச் சுவர் இல்லை.

"எப்பலேருந்து தெரியும்?" என்றார்.

"ஸ்டூல் இல்லாம எட்ட ஆரம்பிச்சதுலேருந்து."

"சொல்லவே இல்லையேம்மா."

"நான் அழுவேன்னுதானே ஒளிச்சீங்க? எனக்கு அழாம பாக்க வரட்டும்னு காத்திருந்தேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் பின்னால் போய் நின்று பனியனின் வலது பக்கத்தை இறக்கினாள். பழையதும் புதியதுமாக, கறுப்பும் பச்சையும் மஞ்சளுமாக அத்தனையும் அங்கே இருந்தது. அவள் பார்த்தாள். நான் அவள் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. அழுதது அவர்தான், சத்தமில்லாமல், எதையும் துடைக்காமல். எனக்கும் கண் கலங்கியது, அதைத் தோள்வலி மேல் போட்டுவிட்டேன்.

களிம்பை உள்ளங்கையில் எடுத்துச் சூடுபறக்கத் தேய்த்து, மெல்ல அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதாப்பா?"

அவர் வாய் பழைய பதிலுக்குத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"வலிக்குதும்மா," என்றார்.

"அப்ப இதுதான் இடம்," என்று சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.